பழைய காரும் எல்.இ.டி இண்டிகேட்டரும்: அந்த விளக்கு யாருக்காக எரிகிறது?

பழைய கார் பிரியர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் சும்மா ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். "இண்டிகேட்டர் பல்பை எல்.இ.டி-க்கு மாற்றிவிடலாமா?" அவ்வளவுதான்! கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும்.

ஒரு கட்சி சொல்லும்: "கம்பெனியை விட்டு எப்படி வெளியே வந்ததோ அப்படியே இருக்கணும். ஒரு பல்பைக்கூடத் தொடக்கூடாது." இன்னொரு கட்சி சொல்லும்: "கடையில் இருப்பதிலேயே எது அதிக வெளிச்சமோ அதை வாங்கி மாட்டு, வேலை முடிந்தது."

இரண்டு கட்சியும் ஒரு சின்ன விஷயத்தை மறந்துவிடுகின்றன. இண்டிகேட்டர் விளக்கு கார் வைத்திருப்பவருக்காக எரிவதே இல்லை. அது பின்னால் வரும் பைக்காரருக்காக எரிகிறது. எதிரே வரும் லாரிக்காக எரிகிறது. சாலையைக் கடக்கலாமா வேண்டாமா என்று ஓரமாக நின்று யோசிக்கும் பாட்டிக்காக எரிகிறது. ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரிவது டேஷ்போர்டில் மினுக்கும் ஒரு பொட்டு வெளிச்சம் மட்டும்தான்.

பொருளியல் வகுப்பில் 'புறவிளைவு' என்று ஒரு பாடம் வருமே, இது அதேதான். செலவு செய்பவர் ஒருவர், பலன் அடைபவர் வேறொருவர். இப்படிப்பட்ட இடத்தில் செலவு செய்பவர் கை கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கும். பம்பருக்கு குரோம் பூச ஆயிரக்கணக்கில் கொடுப்பவர், பிளாஷர் என்றதும் "இப்போதைக்கு ஓடுது, விடுங்க" என்பார். குரோம் அவர் கண்ணுக்கு. பிளாஷர் அடுத்தவர் உயிருக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்!

ஆக, எல்.இ.டி மாற்றலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்க ஒரே ஒரு கேள்வி போதும். வெளியே நிற்பவருக்கு இந்த மாற்றத்தால் சைகை இன்னும் தெளிவாகப் புரியுமா, புரியாதா? இந்த அளவுகோலை வைத்துக்கொண்டால் இரண்டு கட்சிகளின் சண்டையும் பாதி அடங்கிவிடும்.

மோரிஸ் மைனர் சொல்லும் பாடம்

"அசல் மாறக்கூடாது" என்பவர்களுக்கு ஒரு நல்ல உதாரணம் மோரிஸ் மைனர். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948-ல் பிரிட்டனில் வெளிவந்த கார். நம் நாட்டில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் விற்றது. இலங்கையில் மோரிஸ் மைனரை இன்றும் சாலையில் பார்க்கலாம்.

அந்தக் காரின் ஆரம்ப மாடல்களில் சிமிட்டும் விளக்கே கிடையாது. பக்கவாட்டில் ஒரு சின்னக் கை ஒளிந்திருக்கும். ஓட்டுபவர் சுவிட்சைத் திருப்பினால் அது வெளியே எழுந்து நீட்டிக்கொள்ளும். அதற்கு டிராஃபிகேட்டர் என்று பெயர். உள்ளே எரிவது சுமார் 3 வாட் பல்பு. பார்க்க அழகாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் மத்தியான வெயிலில் அந்த 3 வாட் யார் கண்ணுக்குத் தெரியும்?

1961-ல் கம்பெனியே அந்தக் கையை எடுத்துவிட்டு சிமிட்டும் விளக்குகளைப் பொருத்தியது. கார் அதே கார், பெயர் அதே பெயர். போக்குவரத்து பெருகியது, பழைய சைகை போதவில்லை, மாற்றினார்கள். அமெரிக்காவில் ப்யூக் கம்பெனி 1939-லேயே சிமிட்டும் இண்டிகேட்டரைத் தன் கார்களில் கொண்டுவந்துவிட்டது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? காரைப் படைத்தவர்களே சைகை விளக்கைப் புனிதமான பொருளாக நினைக்கவில்லை. அது காலத்துக்கு ஏற்ப மாற வேண்டிய கருவி என்றுதான் நினைத்தார்கள். அவர்களுக்கே இல்லாத பிடிவாதம் நமக்கு எதற்கு?

உள்ளே என்னதான் நடக்கிறது?

மாற்றுவதற்கு முன் பழையது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் பல பேர் பல்பை மட்டும் மாற்றிவிட்டு, "இண்டிகேட்டர் சிமிட்டவே மாட்டேங்குது" என்று ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போய் நிற்கிறார்கள்.

பழைய பிளாஷர் ஒரு சின்ன அலுமினிய டப்பா. உள்ளே சூடானால் வளையும் உலோகப் பட்டையோ, சூடானால் நீளும் கம்பியோ இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் சூடாகும், வளையும், தொடர்பு மாறும். ஆறினால் பழைய நிலைக்குத் திரும்பும். டிக்... டிக்... டிக்... இதுதான் அந்தச் சத்தத்தின் ரகசியம்.

இப்போது கணக்குக்கு வருவோம். முன்னால் ஒரு 21 வாட், பின்னால் ஒரு 21 வாட். மொத்தம் 42 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 3.5 ஆம்பியர். அந்த 3.5 ஆம்பியருக்கு என்று அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிதான் அந்தப் பிளாஷர். எல்.இ.டி பல்பு ஒன்று 3 வாட் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து 6 வாட், அதாவது அரை ஆம்பியர். அந்த அரை ஆம்பியரில் பட்டை சூடாவதே இல்லை. விளக்கு எரிந்தபடியே நிற்கும், அல்லது எரியவே எரியாது.

அதனால் பல்புக்கு முன்னால் மாற்ற வேண்டியது பிளாஷரை. எத்தனை வாட் பல்பு போட்டாலும் ஒரே வேகத்தில் சிமிட்டும் எலெக்ட்ரானிக் பிளாஷர்கள் கிடைக்கின்றன. பழைய கண்ணாடி பல்புகளை வைத்துக்கொண்டு பிளாஷரை மட்டும் மாற்றினால்கூட நல்ல பலன் உண்டு. வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போது வோல்டேஜ் இறங்கும், பழைய பிளாஷர் சோம்பிப் போகும். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்ட வேண்டும் என்பது உலகெங்கும் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. அதற்குக் கீழே போனால் பின்னால் வருபவருக்கு அது இண்டிகேட்டரா, மறந்துபோய் எரியும் விளக்கா என்றே புரியாது.

பொருத்தும்போது ஒரு எச்சரிக்கை. பழைய பிளாஷருக்கு எர்த் தேவையில்லை. எலெக்ட்ரானிக் பிளாஷருக்குப் பெரும்பாலும் தேவை. பழைய பிளாஷரில் மூன்றாவது கம்பி இருந்தால் அது எர்த் என்று நினைத்துவிடக் கூடாது. அது டேஷ்போர்டு விளக்குக்குப் போகும் கம்பியாக இருக்கலாம். புது பிளாஷரில் 49 என்பது பேட்டரியிலிருந்து வருவது, 49ஏ என்பது விளக்குகளுக்குப் போவது, 31 என்பது எர்த். இந்த எண்களைப் பார்த்து மாட்ட வேண்டும். மூன்று பின் இருக்கிறது, மூன்று ஓட்டை இருக்கிறது என்று அழுத்திவிடக் கூடாது!

காசில்லாத வைத்தியம் முதலில்

எல்.இ.டி வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு உப்புத்தாளும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு காருக்குப் போவது நல்லது.

கம்பி இழை பல்பில் ஒரு விசேஷம் உண்டு. வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் பலமடங்கு வேகமாகக் குறையும். 10 சதவீதம் வோல்டேஜ் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடும். ஐம்பது அறுபது வருடம் மழையில் நனைந்த காரில், துருப்பிடித்த ஹோல்டரிலும் எர்த் கம்பியிலும் ஒரு வோல்ட் காணாமல் போவது பெரிய விஷயமே இல்லை. அதாவது விளக்கில் ஏறத்தாழ கால் பங்கு வெளிச்சத்தைத் துருதான் தின்றுகொண்டிருக்கிறது.

ஹோல்டரைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். எர்த் போல்ட்டைக் கழற்றி, பளபளப்பாகும் வரை தேய்த்து, இறுக்குங்கள். உள்ளே பிரதிபலிப்பான் கறுத்திருந்தால் துடையுங்கள். லென்சைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பல பேருக்கு இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். தீராவிட்டாலும் நஷ்டமில்லை, எல்.இ.டி போட்டாலும் நல்ல எர்த் வேண்டும்தானே!

"அதிக வெளிச்சம்" கட்சிக்கு ஒரு வார்த்தை

அசல் கட்சியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. எதிர்க்கட்சியின் தப்பு இன்னும் ஆபத்தானது.

முதல் விஷயம் நிறம். ஆரஞ்சு லென்சுக்குள் வெள்ளை எல்.இ.டி போடுகிறார்கள். கம்பி இழை பல்பின் வெளிச்சத்தில் மஞ்சளும் சிவப்பும் தாராளமாக இருக்கும், ஆரஞ்சு லென்ஸ் அதை அப்படியே வெளியே விடும். வெள்ளை எல்.இ.டி-யில் நீலம் அதிகம். அந்த நீலத்தை லென்ஸ் விழுங்கிவிடும். பெட்டியில் போட்டிருந்த வெளிச்சத்தில் நல்ல பங்கு வெளியே வராது, வருவதும் வெளிறிப்போய் வரும். ஆரஞ்சு லென்சுக்கு ஆரஞ்சு எல்.இ.டி, சிவப்பு லென்சுக்குச் சிவப்பு எல்.இ.டி. இது மாறாத விதி.

இரண்டாவது விஷயம் பரவல். பழைய விளக்குக் கூட்டில் இழை எந்த இடத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் பிரதிபலிப்பானை வளைத்திருக்கிறார்கள். எல்.இ.டி-யில் பல சில்லுகள் பல திசையில் இருக்கும். நேராகப் பார்த்தால் கண்ணைக் கூசும், பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் வரும் சைக்கிள்காரருக்குத்தான் இண்டிகேட்டர் மிகவும் தேவை! அதனால் மாட்டியதும் காருக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் போதாது. கோணமாக நடந்து வந்து, வெயிலிலும் ஒருமுறை, இருட்டிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். பழைய பல்பு ஒரு பக்கம், எல்.இ.டி ஒரு பக்கம் மாட்டி ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. எல்.இ.டி தோற்றுப்போனால் கௌரவம் பார்க்காமல் பழையதையே மாட்டிவிட வேண்டும்.

மூன்றாவது விஷயம் பிரேக் விளக்கு. எல்.இ.டி-யின் மிகப்பெரிய நன்மை உண்மையில் இங்கேதான். கம்பி இழை சூடாகி முழு வெளிச்சம் தர ஏறத்தாழ 0.2 நொடி எடுக்கும். எல்.இ.டி-க்கு அந்தத் தாமதம் இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வரும் வண்டி 0.2 நொடியில் 3.3 மீட்டர் ஓடிவிடும். ஒரு மோரிஸ் மைனரின் நீளம் சுமார் 3.76 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு கார் நீளம் மிச்சம்!

ஆனால் பிரேக் விளக்கை மட்டும் பிரகாசமாக்கிவிட்டுப் பக்கத்திலேயே இருக்கும் இண்டிகேட்டரைப் பழையபடி விட்டால், பிரேக் வெளிச்சத்தில் இண்டிகேட்டர் அமுங்கிப் போகும். மாற்றினால் பின்னால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பார்க்கிங் விளக்கும் பிரேக் விளக்கும் ஒரே பல்பாக இருந்தால், இரண்டு வெளிச்சத்துக்கும் நடுவே தெளிவான வித்தியாசம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய பல்பில் அது 5 வாட்டுக்கும் 21 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தால், கார் நிற்கிறதா ஓடுகிறதா என்று பின்னால் வருபவர் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

வயரிங்கில் மூன்று குழிகள்

முதல் குழி, பாசிட்டிவ் எர்த். இன்றைய கார்களில் பேட்டரியின் நெகட்டிவ்தான் பாடியோடு சேரும். பல பழைய பிரிட்டிஷ் கார்களில் இது தலைகீழ். மோரிஸ் மைனர் 1971-ல் உற்பத்தி நிற்கும் வரை பாசிட்டிவ் எர்த்தாகவே இருந்தது. சாதாரண பல்புக்கு எந்தப் பக்கம் மின்சாரம் வந்தாலும் கவலையில்லை. எல்.இ.டி ஒரு டையோடு, ஒருவழிப் பாதை. தப்பான பக்கம் வந்தால் எரியாது. எலெக்ட்ரானிக் பிளாஷர் என்றால் கெட்டே போகலாம். வாங்கும்போதே பாசிட்டிவ் எர்த்துக்கு உரியதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது குழி, டேஷ்போர்டில் இருக்கும் ஒற்றை விளக்கு. சில கார்களில் இடது, வலது இரண்டுக்கும் சேர்த்து ஒரே விளக்குதான். அதன் ஒரு முனை இடது வரிசையில், மறுமுனை வலது வரிசையில். இடது பக்கம் சிமிட்டும்போது மின்சாரம் இந்தச் சின்ன விளக்கு வழியாக ஓடி, வலது பக்க பல்புகள் வழியாக எர்த்துக்குப் போகும். அந்தச் சொற்ப மின்சாரத்தில் 21 வாட் பல்பு எரியாது. ஆனால் எல்.இ.டி எரிந்துவிடும்! இடது பக்கம் திரும்ப சுவிட்சைப் போட்டால் நாலு பக்கமும் சிமிட்டும். பின்னால் வருபவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். இதற்கு மருந்து இரண்டு டையோடு. இடதிலிருந்து ஒன்று, வலதிலிருந்து ஒன்று கொண்டுவந்து விளக்கின் ஒரு முனையில் சேர்த்து, மறுமுனையை எர்த் செய்துவிட்டால் போதும். 1 ஆம்பியர் டையோடே தாராளம். பாசிட்டிவ் எர்த் கார் என்றால் டையோடுகளைத் திருப்பி மாட்ட வேண்டும்.

மூன்றாவது குழி, ரெசிஸ்டர். பழைய பிளாஷரை ஏமாற்ற ஒவ்வொரு எல்.இ.டி-க்கும் இணையாக ஒரு 6 ஓம் ரெசிஸ்டர் மாட்டும் பழக்கம் உண்டு. 12 வோல்ட்டில் அது 24 வாட் தின்னும், அத்தனையும் சூடு. பிளாஸ்டிக் மேலோ, பழைய துணி சுற்றிய வயர் மேலோ பட்டால் என்ன ஆகும்? மின்சாரத்தை மிச்சப்படுத்த எல்.இ.டி மாட்டிவிட்டு, மிச்சப்படுத்தியதை எல்லாம் அடுப்பெரிப்பது மாதிரி இது. எலெக்ட்ரானிக் பிளாஷர் கிடைக்கும்போது இந்த வேலை தேவையே இல்லை.

எதை இழக்கிறோம்?

எல்லா லாபத்துக்கும் எதிர்ப்பக்கத்தில் ஒரு பற்று உண்டு. இதிலும் உண்டு.

பழைய பிளாஷரில் ஒரு பல்பு ஃபியூஸ் போனால் மின்சாரம் பாதியாகிவிடும். உடனே சிமிட்டும் விதம் மாறும், அல்லது சிமிட்டாமலே நின்றுவிடும். அது கோளாறு இல்லை, "ஒரு பல்பு போச்சு, கவனி" என்று கார் சொல்லும் சேதி. எத்தனை வாட் என்று கவலைப்படாத எலெக்ட்ரானிக் பிளாஷருக்கு இந்தச் சேதி சொல்லத் தெரியாது. பின்பக்க விளக்கு செத்துப்போய் மாதங்கள் ஆனாலும் டேஷ்போர்டில் விளக்கு சமர்த்தாகச் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

உண்மையில் இந்த மாற்றத்தின் மிகப்பெரிய செலவு இதுதான். கடைக்காரர் பில்லில் இது வராது. அதுவரை பிளாஷர் பார்த்துக்கொண்டிருந்த சோதனை வேலை இனி உரிமையாளர் தலையில். காரை எடுக்கும் ஒவ்வொரு முறையும், அல்லது வாரத்துக்கு ஒருமுறையாவது, சுற்றி நடந்து வந்து எல்லா விளக்கும் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். சுவருக்கு முன்னால் நிறுத்தினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்துவிடும். இந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்க மனமில்லாதவர் பழைய பிளாஷரையும் பழைய பல்பையும் வைத்துக்கொள்வதே மேல். அவருடைய கார் அவரைவிடப் பொறுப்பானது :-)

சத்தமும் அப்படித்தான். சில எலெக்ட்ரானிக் பிளாஷர்கள் சத்தமே போடாது. திரும்பிய பிறகு இண்டிகேட்டரை அணைக்க மறந்து கிலோமீட்டர் கணக்கில் சிமிட்டிக்கொண்டு போனால், அது சைகையே காட்டாததைவிட மோசம். டிக் டிக் சத்தம் வரும் பிளாஷராகப் பார்த்து வாங்குவது உத்தமம்.

சட்டமும் சமரசமும்

"விளக்கை மாற்றினால் விண்டேஜ் மதிப்பு போய்விடும்" என்று ஒரு பயம் உண்டு. மத்திய அரசு 2021 ஜூலையில் 50 ஆண்டுகளைத் தாண்டிய வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. வாகனம் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. ஆனால் பெரிய மாற்றம் என்று அது பெயர் சொல்லிக் குறிப்பிடுவது சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் செய்யும் மாற்றங்களை. பல்பு அந்தப் பட்டியலில் இல்லை. அதே நேரம் விளக்குகளின் நிறம், தரம் பற்றிய விதிகள் தனி. நாட்டுக்கு நாடு அவை மாறும், பழைய விளக்குக் கூட்டில் எல்.இ.டி போடுவதை எல்லா நாடும் ஏற்பதில்லை. தன் ஊர் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உரிமையாளரின் கடமை.

மற்றபடி, லென்ஸைத் தொடாமல், கூட்டை வெட்டாமல், ஒரு பல்பும் ஒரு பிளாஷரும் மாற்றுவது சில நிமிடங்களில் திருப்பிவிடக்கூடிய வேலை. எடுத்த பழைய சாமான்களை ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வைத்துவிடலாம். கண்காட்சி நாளில் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். டிராஃபிகேட்டர் கை இருக்கும் மோரிஸ் மைனர்க்காரர்கள்கூட அதை எடுக்கத் தேவையில்லை. அது அழகுக்கு அப்படியே இருக்கட்டும், பம்பர் பக்கத்தில் தனியாக ஒரு ஜோடி ஆரஞ்சு விளக்கைத் துளை போடாமல் பொருத்திவிடலாம். அசலும் பிழைக்கும், அடுத்தவரும் பிழைப்பார்.

ஆக வரிசை இதுதான். முதலில் சுத்தம், எர்த். அடுத்து எலெக்ட்ரானிக் பிளாஷர். அதற்கடுத்து பின்பக்க பிரேக்கும் இண்டிகேட்டரும், லென்ஸ் நிறத்துக்கு ஏற்ற எல்.இ.டி. முன்பக்கம் கடைசியில், தேவைப்பட்டால் மட்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வாரம் ஒருமுறை ஒரு நிமிட நடை.

பழைய காரைக் காப்பாற்றுவது பெருமையான விஷயம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தக் கார் போகும் சாலை பழைய சாலை இல்லை. 1950-ல் அதன் பின்னால் மெதுவாக ஒரு சைக்கிளோ இன்னொரு மோரிஸோ வந்திருக்கும். இன்று வருவது ஏபிஎஸ் பிரேக் போட்ட கார், அதன் ஓட்டுநர் காதில் போன். அவருக்குக் காரின் வயது தெரியாது, வரலாறு தெரியாது, உரிமையாளர் பட்ட பாடும் தெரியாது. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த வண்டி இடது பக்கம் திரும்பப் போகிறது. அதை நேரத்தோடு அவருக்குச் சொல்லாத கார், எத்தனை பரிசு வாங்கிய காராக இருந்தாலும், முழுமையாகப் பராமரிக்கப்பட்ட கார் ஆகாது.